சுண்ணாம்பு அம்புக்குறி

1957 டிசம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். பனி விலகவில்லை, காற்று இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்து மலையடிவாரத்தில் ஊத்துக்குன்னத்து மக்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

கிழக்கே பள்ளிப்பட்டு சென்னை ராஜ்யத்துக்குப் போவதும், மேற்கே கார்வேட்டிநகரம் ஆந்திராவிலேயே இருப்பதும் முடிவாகியிருந்தன. இடையே மலைமேல் இருந்த ஊத்துக்குன்னம் என்ற அந்தச் சிற்றூர் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டுமா, ஆந்திராவிலேயே நீடிக்க வேண்டுமா என்பது வழக்கு. அதைத் தீர்க்க வந்த எல்லை விசாரணை அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

சென்னைக் கட்சிக்குத் தலைவன் தணிகாசலம். ஆந்திரக் கட்சிக்குத் தலைவன் அவனுடைய மனைவியின் அண்ணன் வீராசாமி. வழக்கு தொடங்கிய பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் ஒத்துப்போன கோரிக்கை ஒன்றுதான்: அதிகாரி வரைபடத்தைப் பார்த்து முடிவு சொல்லிவிடக் கூடாது, நடந்தே வந்து பார்க்க வேண்டும்.

அதிகாரி நடக்கப் போகிறார் என்ற செய்தி சித்தூரை எட்டியதும், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நாகபூஷணம் ஆட்களோடு வந்து முகாமிட்டிருந்தார். அதிகாரியின் காலில் தைக்கும் முள் எதுவாயினும் அது தம் இலாகாவின் முள்ளாகக் கருதப்படும் என்பதை அவர் அறிவார். ஆகவே புதர்கள் வெட்டப்பட்டன; செங்குத்தான இடங்களில் படிகள் செதுக்கப்பட்டன; ஓடையின் குறுக்கே பனைமரம் கிடத்தப்பட்டது. வழியோரக் கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்து, பாறைக்குப் பாறை சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"பாதை நன்னா இருக்கே. எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார் அதிகாரி.

"எப்பவும் இதே மாதிரிதான் சார்," என்றார் நாகபூஷணம். அவருடைய நகக்கண்களில் சுண்ணாம்பு இருந்தது.

தணிகாசலத்தால் பொறுக்க முடியவில்லை. "எங்க சாமி இருந்துச்சி பாதை? போன வருசம் ஐப்பசியில எம் பொஞ்சாதி கங்கம்மாவுக்கு வலி கண்டுச்சி. தூளி கட்டித் தூக்கினு எறங்குனோம். பாதி மலையிலயே புள்ள பொறந்துட்ச்சி. இப்ப மறுபடியும் முழுகாம கீறா. எங்களுக்கு ஆஸ்பத்திரின்னா பள்ளிப்பட்டுதான். அத்தொட்டு எங்களை மெட்ராஸோட சேத்துடுங்க."

வீராசாமி ஒரு வேப்பமரத்தை நோக்கிப் பேசினான். "கங்கம்மா எந்தங்கச்சி சாமி. அந்தாளு அவளை ராங்கு பக்கமா தூக்கினு எறங்குனாரு. மேக்கால கார்வேட்டிநகரம்தான் கிட்ட. சந்தை, சம்பந்தம், எல்லாம் எங்களுக்கு அங்கதான்."

"கிட்டதான், காக்காய்க்கு. அந்தப் பக்கம் மனுசன் எறங்க வழி கீதா?"

"இந்தப் பக்கம் மட்டும் இன்னா, ரயிலா ஓடிக்கினு இருந்துச்சி?"

"நடந்துண்டே சண்டை போடுங்கோ," என்றார் அதிகாரி. "நின்னா எனக்கு மூச்சு வாங்கறது தெரிஞ்சுடும்."

நடுமலையில் ஜமீன் காலத்து மதில் ஒன்று இடிந்து குறுக்கே கிடந்தது. அம்புக்குறி அதையும் விட்டுவைக்கவில்லை. மதிலைத் திருப்ப முடியாததால் அம்பு மட்டும் வளைந்து, மதிலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதிகாரி அந்த நேர்த்தியை மனமாரப் பாராட்டினார். நாகபூஷணம் அடக்கத்துடன் தலை குனிந்தார்.

ஊரை அடைந்ததும் அதிகாரி மேற்கு விளிம்புக்குப் போய்ப் பார்த்தார். கீழே கார்வேட்டிநகரம் தெரிந்தது. அங்கே போகும் வழி தெரியவில்லை. பாறையும் காரைப் புதரும் அடிவாரம் வரை அடைத்துக்கொண்டு கிடந்தன.

பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் மேசை போடப்பட்டது. இரு கட்சிகளும் பிற்பகல் வரை வாதாடின. தணிகாசலம் வீராசாமியைத் துரோகி என்றான். வீராசாமி தணிகாசலத்தை அதைவிடச் சுருக்கமான ஒரு சொல்லால் குறிப்பிட்டான். அதிகாரி அதைப் பதிவிலிருந்து நீக்கும்படி குமாஸ்தாவிடம் சொன்னார்.

பிறகு தீர்ப்பு தட்டச்சாகி வந்தது. அதிகாரி எழுந்து நின்று படித்தார். "கிழக்கே பள்ளிப்பட்டு வரை செவ்வனே குறியிடப்பட்ட நடைபாதை உண்டு. மேற்கே பாதை ஏதும் இல்லை. ஆகவே இவ்வூர் பள்ளிப்பட்டோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்தைச் சேரத் தக்கது."

நாகபூஷணத்தின் முகம் அவர் வெள்ளையடித்த கற்களின் நிறத்தை அடைந்தது. ஆந்திர அரசின் சம்பளத்தில், ஆந்திர அரசின் சுண்ணாம்பைக் கொண்டு, ஆந்திர அரசின் ஊர் ஒன்றை வழிகாட்டி அனுப்பிவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அதிகாரி கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, பிரதியை வென்ற கட்சியின் தலைவனிடம் நீட்டினார். தணிகாசலம் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆனால் அவன் முகத்தில் கவலை தெரிந்தது.

"சாமி, இதுக்கு மேல அப்பீலு உண்டுங்களா?"

"உண்டு. தோத்தவா போடலாம்."

"போட்டா, இன்னொரு ஆபீசரு நேர்ல வந்து பாப்பாருங்களா?"

"வருவார். என்னைவிட ரொம்பப் பெரிய அதிகாரி. அதுக்காக நீ பயப்படாதே. என் தீர்ப்பை யாரும் சுலபத்தில் மாத்திட முடியாது."

தணிகாசலம் அதற்கு மேல் அவரைக் கவனிக்கவில்லை. தீர்ப்பை மடித்து வீராசாமியின் கையில் வைத்தான்.

"மச்சான், ஒடனே அப்பீலு போட்டுடு. பெரிய ஆபீசராம், அவரை மேக்கால பக்கமா ஏறச் சொல்லு, பாதை அகலமாவே வரும்."