மோப்பக்காரர்

இசைத்தட்டுக் கடையில் டிஸ்கோ அடுக்கு வரிசை முன்னால் நின்றிருந்த ஆள் ஒரு தட்டை உருவினார். கண்ணாடித்தாள் உறையின் மூலையில் காற்றுப் போக இருந்த பொட்டுத் துளைமேல் மூக்கை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழு இழுத்தார்.

கல்லாவில் இருந்த கடைக்காரம்மா துடைக்கிற துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இன்றோடு மூன்றாவது நாள். முதல் நாள் ஜாஸ் வரிசை, நேற்று ஹவுஸ் என்கிற நடன இசை வரிசை, இன்றைக்கு டிஸ்கோ. எதையும் வாங்குவதில்லை, போட்டுக் காட்டச் சொல்வதும் இல்லை. மீன்கடைப் பூனை மாதிரி ஒவ்வொன்றாக மோந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மூக்குப் பட்ட இடத்திலெல்லாம் காசளவுக்கு ஒரு ஈரம் நிற்கும். அவர் போனபிறகு துணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவள்தான் துடைக்க வேண்டும். துடைத்த கையை எத்தனை தடவை கழுவினாலும் மத்தியானம் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. மோப்பக்காரர் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், மோந்தால் தேய்ந்தா போய்விடும் என்று சிரித்துவிட்டுப் பின்னறைக்குள் போய்விடுகிறார். அவருக்கு அங்கே தலைக்கு மேல் வேலை. பழைய பாட்டுகளை மறுபடி அச்சடித்த தட்டுகள் தனியாக வரும், அட்டைகள் தனியாக வரும். புதுத் தட்டுதான், ஆனாலும் ஒவ்வொன்றையும் மூன்று தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவைத்து, அட்டைக்குள் போட்டு, மேலே தாளைச் சுற்றி, முடி உலர்த்துகிற கருவியால் சூடு காட்டி இறுக்குவார். பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுஷர் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று அவளுக்குப் பெருமை. கொஞ்சம் பொறாமையும்தான்.

இது அவர்களுடைய மூன்றாவது கடை. பேனாக்கடை படுத்தது, அப்புறம் திறந்த செருப்புக்கடையும் படுத்தது. இதுவும் போனால் மாமியார் வீட்டு மாடியறைதான் கதி. அந்தம்மாவின் வாய்க்குக் கீழே இன்னொரு வருஷம் குப்பை கொட்ட அவளால் ஆகாது.

அதனால்தான் நடனப்பள்ளி டீச்சர் உள்ளே வந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு டிஸ்கோ வரிசையை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பிடித்துப்போனால் மாதாமாதம் வாங்குவதாகவும் டீச்சர் சொல்லியிருந்தார்.

டீச்சர் முதல் தட்டுக்குக் கை நீட்டினார். மோப்பக்காரர் முந்திக்கொண்டார். எடுத்த எடுப்பில் மூக்கோடு ஒட்டி இழுத்ததில் மூக்குக்குள் என்னவோ கொர்ரென்று சத்தம் போட்டது.

டீச்சர் நீட்டிய கையை மடக்கிக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார், ஒன்றையும் தொடாமலேயே. அப்புறமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிய வேகத்திலேயே, அந்த அப்புறம் வரப்போவதில்லை என்று கடைக்காரம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.

கல்லாவை விட்டு எழுந்தாள்.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூச்சநாச்சம் இருக்கா? விக்கற பொருள்ல மூக்கைத் துடைச்சு வெச்சா, அதை அப்புறம் யார் தொடுவா?"

அவர் முறைக்கவில்லை. ஒன்றே ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியுமா என்று மட்டும் தணிந்த குரலில் கேட்டார்.

வந்த ஆத்திரத்தில் அவளே நகத்தால் தாளைக் கிழித்தாள். தட்டை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். சோப்பு வாசனை கமகமவென்று வந்தது.

அவர் விளிம்பை மட்டும் பிடித்து வாங்கினார். நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தின் ஓரமாகக் கீறியிருந்த எண்ணைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"நல்லாப் பாருங்க, நல்லா மோந்துக்கோங்க. எங்க வீட்டுக்காரர் மூணு தண்ணி விட்டு அலசின தட்டு. இதுலயே சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம்."

அவர் தட்டைப் பூப்போலக் கல்லா மேசைமேல் வைத்தார். பக்கத்தில் தன்னுடைய அடையாள அட்டையையும் வைத்தார். இசைத்தட்டு அச்சடிக்கிற ஆலையின் அட்டை.

"சாப்பிட்டுராதீங்கம்மா. எங்க கிடங்குல சாக்கடை புகுந்து, அரைச்சுத் தூளாக்கச் சொல்லி அனுப்பின தட்டுங்க இதெல்லாம்."