பாறு கழுகுக்கு ஒரு விழா

கூட்டில் குஞ்சு பசியில் கத்திக்கொண்டிருந்தது. காட்டோரத்தில் செத்துக் கிடந்த எருமையைப் பார்த்ததும் பாறு கழுகு ஆசையோடு தாழப் பறந்து வந்தது. அதற்குள் ஆட்கள் குழி தோண்டி எருமையைப் புதைத்து, மேலே பிளீச்சிங் பவுடரும் தூவிவிட்டார்கள்.

"எதுக்கு இந்த அவசரம்?" என்று பக்கத்தில் போட்டிருந்த பந்தலின் கம்பில் இருந்த காக்கையைக் கழுகு கேட்டது.

"இன்னிக்கு இங்க விழா அக்கா. பெரிய மனுஷங்க வர்றாங்க. நாத்தம் அடிக்கக் கூடாதாம்."

"என்ன விழா?"

"உங்க இனம் அழிஞ்சுக்கிட்டு வருதுல்ல, உங்களைக் காப்பாத்துற விழா. பந்தல் முழுக்க உங்க படம்தான்."

கழுகுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு குஞ்சின் ஞாபகம் வந்தது.

"படத்துல நான் என்ன சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்?"

காக்கை எட்டிப் பார்த்தது. "ஒண்ணும் சாப்பிடல அக்கா. சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க."

ஒலிபெருக்கியில் வரவேற்புரை ஆரம்பித்தது. கழுகு வெறும் வயிற்றோடு அடுத்த மலையைப் பார்த்துப் பறந்தது.