கழுவக் கொடுத்த பயணம்

சாமியார் உள்ளே வந்து கவுண்டரில் ஃபிலிம் டப்பாவை வைத்ததும் அவள் மேஜைக்கு அடியில் இருந்த ஓர் உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாமியார் என்பது, ஃபிலிம் கழுவி ஸ்கேன் செய்து கொடுக்கும் அந்த லேபில் அவருக்கு வைத்திருந்த பெயர். காவியும் இல்லை, தாடியும் இல்லை. ஆனால் ஃபிலிம் கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தவம், பொறுமை, மௌனம் என்று ஒரு மணி நேரம் வாய் ஓயாது. செல்போனில் படம் எடுப்பவர்களைத் தான் மன்னித்துவிட்டதாகக்கூட ஒருமுறை சொன்னார்.

ஊர் ஊராகப் போய் எடுத்த படங்களை இணையத்தில் போடுவார். அதைப் பார்த்து உருகப் பதினோராயிரம் பேர்.

போன வாரம் அவருடைய ரோலுக்குப் பதில் வேறொரு ரோலின் ஸ்கேனை அவருக்கு அனுப்பிவிட்டாள்.

அது அவளே எடுத்த ரோல். பழுது பார்த்து முடித்த பழைய கேமரா ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து முழுவதையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளியிருந்தாள். குப்பைத்தொட்டி. தேங்கிய மழைத்தண்ணீர். நனைந்துபோன மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு, மழையைத் திட்டியபடி ஓடும் பக்கத்து லாட்ஜ் வாட்ச்மேன்.

தப்பு தெரிந்தது மறுநாள் காலை, தங்கை செல்போனை மூக்குக்கு நேரே நீட்டியபோதுதான்.

"அக்கா, இது உங்க கடைச் சந்துதானே?"

வாட்ச்மேன்தான். மெத்தையும் அதே மெத்தை. கீழே சாமியார் எழுதியிருந்தார்: 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு தூர தேசத்து நகரம். வீட்டையே தலையில் சுமந்து அலையும் ஓர் அகதி. இந்த ஒரு நொடிக்காக மூன்று மணி நேரம் மழையில் நின்றேன்.'

அவள் நின்றது இரண்டு நிமிடம். அதுவும் கடைக் கூரைக்கு அடியில்.

நாலாயிரம் பேருக்குப் பிடித்திருந்தது. 'இந்தக் கண்ணை வணங்குகிறேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை அவள் மூன்று தடவை படித்தாள். லேபில் எட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். அவள் கண்ணை ஒருத்தரும் வணங்கியதில்லை. நல்லா இருக்கு என்றுகூட யாரும் சொன்னதில்லை.

என்றாலும் தப்பு தப்புதான். அவருடைய நிஜமான படங்களை ஒரு உறையில் போட்டு எடுத்து வைத்திருந்தாள். சாய்ந்து நிற்கும் கட்டடங்கள். கை ஆடி இரண்டாகத் தெரியும் பாலம். ஏழு படங்களில் அவருடைய கட்டைவிரல்.

இப்போது அந்த உறையை எடுத்து நீட்டினாள்.

"சார், போன தடவை ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"தப்பா?" அவர் பார்வை சுவர்க் காலண்டருக்குப் போனது. "எல்லாம் பிரமாதமா வந்திருந்துச்சேம்மா. உன் கைராசியே தனி. இது வேற யாரோடதோ இருக்கும், உள்ள வை." உறையை ஒற்றை விரலால் அவள் பக்கமே தள்ளினார். "இதையும் அதே மாதிரி பண்ணிக் குடுத்துடு."

அவள் பழக்கதோஷத்தில் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"எந்த ஊர்னு எழுதட்டும் சார்?"

"எந்த ஊர் மாதிரி வருதோ, அதையே எழுதிக்கோம்மா."

சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள். கடையில் வாங்கியபடியே இருந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

முடியாது என்று சொன்னால் ரோல் மாறிய கதை முதலாளி காதுக்குப் போகும். அப்புறம் வேலை இருக்காது. சாமியாருக்கும் அது தெரிந்திருக்கும். அந்தக் காலண்டர் பார்வையிலேயே தெரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு பிளாஸ்டிக் தாளைக் கிழித்தாள். கைக்குக் கிடைத்த கேமராவில் ரோலை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உலகத்தையே சுற்றிவிட்டு வந்தவர் மாதிரி, தெருவில் ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது.

எடுத்தாள்.

மிச்சம் முப்பத்தைந்து படங்களையும் அதே தெருவில் முடித்தாள். கழுவி, ஸ்கேன் செய்து, வரிசை மாறாமல் அனுப்பி வைத்தாள். அனுப்பிய பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடையில் ஃபோன் அடித்தபோதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

ஃபோன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை படம்தான் வந்தது. முதல் படத்தையே போட்டிருந்தார்.

'உச்சந்தலையில் வழுக்கை விழுந்த ஓர் எளிய மனிதர். வாழ்க்கையிடம் தோற்றுப்போனவரின் நடை. முன்பின் தெரியாத ஊரில், தெருத்தெருவாக அவர் பின்னாலேயே போனேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.'

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

'பாவம், எந்த வீட்டு மனிதரோ' என்று ஒருவர் கண்ணீர் விட்டிருந்தார். 'இந்த முதுகில் ஒரு நாவலே இருக்கிறது' என்று இன்னொருவர். கும்பிடு போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். தங்கை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். சாமியாரின் மனைவி எழுதியிருந்தார்.

'ஏங்க, இது நீங்கதானே? அந்தக் காலர் கிழிசலைத் தைச்சதே நான்தான். கேமரா உங்ககிட்ட இருக்கும்போது, உங்களைப் பின்னாடியிருந்து எடுத்தது யாரு?'