இரண்டு விரல் இடைவெளி

வீட்டுக்காரர் கதவின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் தாராளமாகப் போயிற்று. அதன் மேல் இன்னொரு விரலை அடுக்கினார். அதுவும் போயிற்று.

கார்பெண்டர் மரியதாஸ் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓடாத ஃபேன்.

மற்ற கதவுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இது ஒன்றுதான். வீட்டுக்காரரின் மகள் தேன்மொழியின் அறைக் கதவு.

பழைய மொசைக் தரையை உடைத்து அள்ளும் கூலியைக் கேட்டு அவர் மலைத்துப்போனதில் ஆரம்பித்தது எல்லாம். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொல்லிவிட்டார். தரை உயர்ந்தது. கதவுகளைக் கழற்றி அடியை அறுத்தால்தான் இனித் திறக்கும் என்றார் கொத்தனார். அங்கே மிச்சம் பிடித்தது இங்கே போயிற்று.

மரியதாஸின் பட்டறையில், காலையில் ஒருவர் அறுத்துச் சாய்த்து வைத்த கதவை மத்தியானம் வேறொருவர் எடுத்து இன்னொரு முறை அறுத்துவிட்டார். அடுப்படிக் கதவு அறுபடாமலே திரும்பி வந்தது. அதை வாசலில் போட்டுச் சீவிவிட்டார்கள். இதை என்ன செய்வது?

வீட்டுக்காரரின் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ, இப்போது அவர் கோபம் வெடிக்கும்.

நியாயமான எதிர்பார்ப்புதான். வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒட்டிய ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்து, சத்தம் வேறுபட்ட இடத்தையெல்லாம் பெயர்த்து மறுபடி ஒட்டவைத்தவர். அலமாரிக் கதவில் ஒரு திருகாணி கோணலாக ஏறியிருந்ததற்கு மரியதாஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வர வேண்டியிருந்தது.

ஆனால் கதவுகள் பட்டறைக்குப் போன நாளிலிருந்து மனிதர் மாறிப்போனார்.

இரண்டு நாளில் தருகிறேன் என்று ஏற்றிப்போன கதவுகள் வரவே இல்லை. மிஷின் ரிப்பேர் என்றார் மரியதாஸ். பிறகு மச்சான் வீட்டு விசேஷம் என்றார். மெதுவாக வாருங்கள், ஒன்றும் அவசரமில்லை என்றார் இவர். மரியதாஸுக்கே பயமாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் இவர் தூங்கினார்.

தேன்மொழியின் அறை வாசலில் ஒரு பழைய வேட்டி தொங்கியது. காற்றில் அது விலகும்போதெல்லாம் கூடத்திலிருந்து அவள் தெரிந்தாள். படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது போதும்.

ஆடி மாதம், புகுந்த வீட்டில் ஒரு கதவை உடைத்துத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இழைத்து வார்னிஷ் அடித்த தேக்குக் கதவு. மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கொண்டே நின்றார்கள். போய்ச் சேர்ந்த இவர்தான் உடைத்தார்.

பிழைத்து வந்தாள். தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர்.

அதற்காகத்தான் இவர் வீட்டைப் புதுப்பிக்கும் வேலையையே தொடங்கினார். பெண் இப்படி வந்து உட்கார்ந்திருக்கும்போது இவருக்குப் புதுத் தரை கேட்கிறதா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். பகலெல்லாம் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது.

கதவு எப்போது வரும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குள் குளியலறைக்கு மட்டும்தான் கதவு. துணி மாற்ற அங்கேதான் போனாள். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் வேட்டியை விலக்கி அவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் மரியதாஸுக்குப் போன் போடவில்லை.

இப்போது கதவு வந்துவிட்டது. தாழ்ப்பாளோடு.

"தப்புதான் சார்," என்றார் மரியதாஸ். "அடியில ஒரு ரீப்பர் கட்டை அடிச்சு பெயிண்ட் பூசிடறேன். பாத்தா தெரியாது. காசெல்லாம் வேணாம்."

இவர் குனிந்தபடியே இருந்தார். அந்த இடைவெளி வழியாக அறையின் தரை தெரிந்தது. கட்டில் கால் தெரிந்தது.

விரலை வெளியே எடுத்தார்.

"இருக்கட்டும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதற்கு மேல் அங்கே நிற்பது ஆபத்து என்று மரியதாஸ் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மனைவி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சோறு எடுத்துவைக்கப் போனாள்.

கூடத்தில் நின்றிருந்த தேன்மொழி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். கதவுக்கு அடியில் ஜன்னல் வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது. புதுத் தரையின் பளபளப்பில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவை நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை.

"அப்பா."

"என்னம்மா?"

"அங்கேருந்து என் காலு தெரியுதாப்பா?"

அவர் குனிந்து பார்த்தார்.

"தெரியுதும்மா."

அதற்குப் பிறகுதான் அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.