கடையாணி

"ஊரே நோய்க்குப் பயந்து அடங்கிக் கிடக்குது, உனக்கு வியாபாரமா கேக்குது?"

தடி தள்ளுவண்டிமேல் விழுந்தது. தராசு பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது. தக்காளியெல்லாம் தெருவில் கூழானது.

காய்காரி வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "கை வெச்சே, கொன்னுடுவேன்டா!"

முகக்கவசம் போட்ட தடிக்காரன் அவளைப் பிடித்துத் தள்ளினான். முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் சக்கரத்தின் கடையாணியில் ஓங்கி ஓர் அடி கொடுத்தான். சக்கரம் கழன்று உருள, வண்டி குடைசாய்ந்தது. கீழே விழுந்த எதையோ பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"நாசமாப் போறவனே! உன் பொண்டாட்டி பட்டினி கிடந்து சாவாடா!" மண்ணை வாரித் தூற்றினாள்.

பிடித்த வண்டிகளை ஏற்றிக்கொண்டு நின்ற நகராட்சி லாரியிலிருந்து அதிகாரி எட்டிப் பார்த்தார். "உடைஞ்ச வண்டியை ஏத்தி என்ன பண்றது? விட்டுட்டு வா. சரியான முரடன்யா நீ! நாளைக்கும் வேலைக்கு வந்துடு."

சாயங்காலம் புருஷன் வேலை முடிந்து வந்தபோது காய்காரி முழங்கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் முகக்கவசத்தைக் கழற்றினான். பையிலிருந்து கடையாணியை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"வண்டியில மாட்டிடு. ரொம்ப வலிக்குதா?"

"அதை விடுங்க. தராசை ஏன் அடிச்சீங்க?"

"அதிகாரி பாத்துக்கிட்டே இருந்தார்டி. முரட்டுத்தனமா அடிச்சாத்தான் நாளைக்கும் கூலி. ஆமா, பொண்டாட்டி பட்டினி கிடந்து சாவான்னு அந்தக் கத்துக் கத்தினியே, அதுவும் நடிப்புதானா?"

அவள் பற்றவைக்காத அடுப்பைப் பார்த்தாள்.

"அது மட்டும் நிஜங்க. நாளைக்கு எந்தத் தெருவுல அடிக்கப் போறீங்க, சொல்லுங்க. வண்டியோட அங்கேயே வந்துடறேன்."