ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவள்

பேருந்து நிறுத்தத்தில் எவனோடோ பேசிக்கொண்டிருந்தாள் என்று நாலு பேர் சொன்னபிறகு என் மகளை நான் வெளியே அனுப்புவதில்லை. படிப்பு நிற்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வகத்துக் கணினியை இணையம் வழியே வீட்டிலிருந்தே இயக்கலாம். அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன்.

இன்று திரை அசையவில்லை என்று உள்ளிருந்து சொன்னாள். ஆய்வகப் பொறுப்பாளரைப் போனில் அழைத்தேன்.

"அந்த கம்ப்யூட்டர் முன்னாடி உங்க பொண்ணே உட்கார்ந்திருக்காங்களே சார். தினமும் வர்றாங்க. வீட்டுக்குப் போம்மான்னா, கதவு பூட்டியிருக்குங்கிறாங்க. லேப் கதவு திறந்துதான் சார் கிடக்கு."

"வார்த்தையை அளந்து பேசுங்க. என் மகள் வாசல் தாண்ட மாட்டா."

மறுமுனையில் போன் கைமாறியது.

"அப்பா, திறந்து விடுங்கப்பா." அவள் குரல்தான்.

அறையைத் திறந்தேன். மகள் எனக்கு முதுகைக் காட்டியபடி, அசையாத திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"திறந்துட்டேம்மா," என்றேன் போனில்.

"இல்லப்பா. பூட்டியேதான் இருக்கு."