வாண்டு திறக்காத பூட்டு

"திறந்துட்டா," என்றான் கூட்டாளி, வீடு இடிந்து விழுந்த செய்தியைச் சொல்பவன் போல.

சமையலறையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த அப்பாக்காரன் டம்ளரோடு முன்னறைக்கு ஓடிவந்தான். "எப்படித் திறந்தா? எந்த விரலை வச்சா?"

"எந்த விரலா இருந்தா என்னடா? இதுவும் போச்சு."

தரையில் ஐந்து வயது மகள் வாண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்த மிட்டாய் இப்போது அவள் கன்னத்துக்குள் இருந்தது.

ஒரே கம்பெனியில் வேலை பார்த்த நண்பர்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய தொழில் இது. குழந்தைகள் திறக்க முடியாத பூட்டு. சாவி கிடையாது. பெரியவர்கள் கையை அகல விரித்து இரண்டு பக்கமும் அழுத்தித் திருகினால் திறக்கும், சின்னக் கைக்கு எட்டாது. அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அப்பாக்காரனின் வீட்டு முன்னறைதான் பட்டறை, ஆபீஸ், குடோன் எல்லாம். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் அவள் கிளம்பிய பிறகு வாண்டுவுக்குத் தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, ஊட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், மறு கையில் சீப்பு என்று பிழைப்பு ஓடியது.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு குழந்தை இருந்தது ஆரம்பத்தில் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் வாண்டு ஒரு மாடலையும் விட்டுவைக்கவில்லை. அவள் திறக்கும்போதெல்லாம் கூட்டாளி தலையில் கை வைத்துக்கொள்வான். அப்பாக்காரனுக்கோ நெஞ்சு நிமிரும். அந்தப் பிஞ்சு விரல் எந்த இடுக்கில் நுழைந்தது என்று குனிந்து பார்ப்பான், அதை அடைத்துவிட்டு அடுத்த மாடலில் இறங்குவான். கம்பெனி நடத்துகிறோமா, உன் பொண்ணுக்கு ரசிகர் மன்றம் நடத்துகிறோமா என்று கூட்டாளி கேட்டால் சிரிப்பான்.

அன்று சாயங்காலம் மனைவி பேசிய பேச்சுக்குத்தான் அவனால் சிரிக்க முடியவில்லை. ஒரே சம்பளத்தில் வீட்டை இழுத்து அலுத்துப் போயிருந்தவள், கோபப்படாமல் நிதானமாகச் சொன்னாள். பூட்டைப் பார்க்க மருந்துக்கடை அம்மாள் ஒருவர் வரப்போகிறாரே, அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அவன் பழைய ஆபீசுக்கே திரும்பிவிட வேண்டும். வாண்டுவை இருட்டும்வரை காப்பகத்தில் விட வேண்டியதுதான். நியாயமான பேச்சு என்பதால் அவனும் தலையாட்டினான். மேசைக்கடியில் வாண்டு ஒரு யானைக்குப் பச்சைக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

இடுக்கே இல்லாத புது மாடலைச் செய்து முடித்த கையோடு அந்த அம்மாளும் வந்துவிட்டார். ஊர் ஊராக மருந்துக்கடை வைத்திருப்பவர். விளக்கமெல்லாம் வேண்டாம், ஒரு குழந்தையை உட்காரவைத்துக் காட்டுங்கள் என்றார். பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டி வரட்டுமா, அவன் எதைக் கொடுத்தாலும் தூங்கிவிடுவான் என்று கூட்டாளி காதைக் கடித்தான்.

"என் பொண்ணு தோத்தாத்தான்டா அது பூட்டு," என்றான் அப்பாக்காரன்.

வாண்டு தரையில் சம்மணம் போட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே மிட்டாயை வைத்துப் பூட்டினார்கள். அழுத்தினாள், இழுத்தாள், திருகினாள், ஒரு தட்டும் தட்டினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "முடியல," என்றாள்.

கூட்டாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. அப்பாக்காரனின் முகம்தான் விழுந்துவிட்டது.

"கண்ணு, கட்டை விரலைக் கீழ குடுத்துப் பாரேன்," என்றான். கூட்டாளி அவன் காலை ஓங்கி மிதித்தான். அப்படியும் அவனுக்கு அடங்கவில்லை. "ராத்திரி சரியாத் தூங்கல மேடம். இல்லேன்னா திறந்திருப்பா."

"தம்பி, நீங்க பூட்டு விக்கிறீங்களா, பொண்ணைப் பத்திப் பெருமை பேசுறீங்களா?"

இரண்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தவன், கூட்டாளியின் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டான். எல்லாக் கடைகளிலும் இந்தப் பூட்டை விற்பதாக அந்த அம்மாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அவரை வழியனுப்பக் கூட்டாளி கார்வரை கூடவே போனான்.

அப்பாக்காரன் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தொழில் நிலைத்துவிட்டது, இனி அவள் தலையைத் தினமும் அவனே பின்னலாம். சந்தோஷம்தான். ஆனாலும் அவள் தோற்றதை மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

"பரவாயில்லடா செல்லம். இது ரொம்பக் கஷ்டமான பூட்டு."

வாண்டு வாசலை எட்டிப் பார்த்தாள். "அந்த ஆன்ட்டி போயிட்டாங்களாப்பா?"

"கிளம்பிட்டாங்கம்மா."

"அப்ப நான் திறக்கட்டுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஒரு பக்கத்தைக் குதிகாலால் அழுத்தி, மறுபக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். 'டக்' என்றது. மிட்டாய் வாய்க்குள் போனது.

"அந்த ஆன்ட்டி கையெழுத்துப் போடலைன்னா நீ ஆபீஸ் போயிடுவேன்னு அம்மா சொன்னாங்கல்ல," என்றாள் கன்னம் புடைக்க. "அதான்."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பூட்டை நம்பி மருந்து வைக்கப்போகிற வீடுகளில் இன்னும் எத்தனை வாண்டுகளோ. மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினான். கார் நகரத் தொடங்கியிருந்தது. ஒப்பந்தத்தை நெஞ்சோடு அணைத்தபடி கையசைத்துக்கொண்டிருந்த கூட்டாளிக்கு, அவன் ஓடிவருகிற வேகத்தைப் பார்த்ததுமே முகம் வெளுத்தது.

"மேடம், கொஞ்சம் நில்லுங்க," என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி, பெருமை தாங்காமல் கத்தினான் அப்பாக்காரன். "என் பொண்ணு திறந்துட்டா."